பிரண்டையும் பிராண்டும்

ஒத்தப்புளிப்பட்டியில் நான்கு அறிவாளிகள் இருந்தார்கள். அந்தப் பட்டத்தை ஊர் கொடுக்கவில்லை. ஊர் கொடுத்த பட்டத்தை இங்கே எழுத முடியாது. இது அவர்களே கூடிப் பேசி, எதிர்ப்பு ஏதும் இல்லாமல், தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டது.

நால்வருக்கும் தலைவன் பெத்தணன். அப்பளக் கம்பெனி அவன் வீட்டு முற்றத்தில் நடந்ததால் அவன் தலைவன். உளுந்து மாவு பிசைந்தது, இழுத்தது, வட்டம் போட்டது, வெயிலில் காயவைத்தது எல்லாம் அவன் பெண்டாட்டி சுருளியம்மா. பெத்தணனும் அவன் கூட்டாளிகள் தவசி, சோணை, மாயழகு மூவரும் நிர்வாகம் பார்த்தார்கள். நிர்வாகம் என்றால், அப்பளம் காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து காக்காய் வருகிறதா என்று பார்ப்பது. காக்காய் வந்தால் விரட்டலாமா வேண்டாமா என்று கலந்து பேசுவார்கள். பேசி முடிப்பதற்குள் காக்காய் சாப்பிட்டு முடித்துவிடும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த நிர்வாகத்தில் பெத்தணனின் மாமனார் வந்து மண்ணைப் போட்டார். திருப்புவனம் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்தவர் அவர். வந்தவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இந்தா பாருங்க மாப்ள. தை பொறக்குறதுக்குள்ள மதுரையில ஒரு பெரிய கடையில ஒங்க அப்பளத்துக்கு எடம் பிடிச்சுக் காட்டணும். இல்லேன்னா பொங்கலன்னைக்கே நீங்க நம்ம சூளைக்கு வந்து கல்லு சொமக்கணும்."

பெத்தணன் உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வேலை என்ற சொல்லைக் கேட்டாலே இடுப்பு பிடித்துக்கொள்கிற உடம்பு அவனுடையது. அன்று இரவு கனவில் செங்கல் அவனைச் சுமந்துகொண்டு போனது. அதுவே அவனுக்கு வலித்தது.

மறுநாள் நால்வரும் மதுரைக்கு பஸ் ஏறினார்கள். கீழமாசி வீதியில் பால்பாண்டி அண்ணாச்சியின் பலசரக்குக் கடை மூன்று வாசல் வைத்த கடை. அண்ணாச்சி ஓர் அப்பளத்தைப் பொரிக்கச் சொல்லி, கடித்து, கண்ணை மூடி மென்றார்.

"அப்பளம் பிரமாதமா இருக்கு தம்பி. ஆனா இதுல பிராண்டு இல்லையே? பிராண்டு இல்லாத சரக்க எவன் தொடுவான்? பிராண்டோட வாங்க, வச்சுக்கிடுறேன்."

திரும்புகிற பஸ்ஸில் ஆலோசனை நடந்தது.

"அண்ணாச்சி என்னமோ இல்லேன்னாரே, என்னது?" என்றான் பெத்தணன்.

"பிரண்ட இல்லையாம்ண்ணே," என்றான் மாயழகு.

"பிரண்டன்னா சொன்னாரு? பிராண்டுன்னுல்ல காதுல விழுந்துச்சு?"

"பெரிய கடைல எல்லாத்தையும் நீட்டித்தான் சொல்லுவாக," என்று சோணை தீர்த்துவைத்தான்.

கண்மாய்க்கரை வேலியில் படர்ந்திருந்த பிரண்டை முழுவதையும் அறுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். "வதக்கிப் புளி விட்டாத்தான் அரிப்பு போகும். பச்சையாப் போட்டா நாக்கு பிச்சுக்கும்" என்று சுருளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வதக்கினால் பிரண்டை சுருங்கும், சுருங்கினால் அண்ணாச்சி மறுபடியும் இல்லை என்பார் என்று நான்கு அறிவாளிகளும் சேர்ந்து அவளுக்குப் புத்தி சொன்னார்கள்.

பச்சைப் பிரண்டை அரைத்துப் போட்ட அப்பளத்தை அண்ணாச்சி ஒரே ஒரு கடிதான் கடித்தார். அப்புறம் ஒரு சட்டித் தயிரைக் குடித்தார். நாக்கை வெளியே நீட்டித் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் பெத்தணன் பணிவாகக் கேட்டான்.

"பிரண்ட போதுமாண்ணாச்சி? இன்னும் கொஞ்சம் சேக்கணுமா?"

"பிரண்ட இல்ல வே! பிராண்டு! பிராண்டு! பேரு, அடையாளம்! ஓடிப் போயிருங்க எல்லாரும்!"

ஓடும்போதே பெத்தணனுக்கு ஒரு நிம்மதி. என்ன வேண்டும் என்று கடைசியில் தெரிந்துவிட்டது. அது என்ன என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில் மாயழகின் செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. மித்ரன் என்று ஒருவன், சென்னையிலிருந்து, கைகட்டி நின்று சிரித்தான். வாழ்நாளில் ஒரு பொருளையும் செய்தறியாதவன். எல்லாப் பொருளுக்கும் பெயர் வாங்கித் தருகிறவன். 'ஒரு ஆளுக்கு முதல் ஆலோசனை இலவசம்' என்று போட்டிருந்தது. நாங்கள் நான்கு ஆள் என்று நால்வரும் பூரித்துப்போனார்கள். முதல் போனை மாயழகு போட்டான்.

"பிராண்ட்ங்கிற வார்த்தையே மாட்டுக்குச் சூடு போடுறதுலேர்ந்து வந்தது பிரதர்," என்றான் மித்ரன். "தூரத்துல பாத்தாலே இது யார் மாடுன்னு தெரியணும். அதுக்குத்தான் லோகோ. சூடு போட்ட மாதிரி நச்சுன்னு பதியணும்." அதோடு வைத்துவிட்டான்.

என்ன எழுத்தைப் பதிப்பது என்று அடிதடி ஆகும்போலிருந்தது. பெ என்றான் பெத்தணன், த என்றான் தவசி. மாயழகு மட்டும் நிதானமாக, "அவரு மாடுன்னுதான சொன்னாரு? அப்ப 'மா'தான் போடணும்" என்றான். அந்த நியாயத்தை மற்ற மூவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கொல்லரிடம் 'மா' போட்ட சூட்டுக்கோல் செய்து, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, பெத்தணன் முதல் அப்பளத்தில் வைத்தான். புஸ்ஸென்று புகை. கோலை எடுத்தால் அப்பளத்தின் நடுவில் பெரிய ஓட்டை.

"லோகோ எங்கடா?"

"அப்பளத்துல இல்லையேண்ணே."

"அப்பக் கீழ விழுந்துருக்கும். தேடு."

"இப்பத்தான் போட்டோம், அதுக்குள்ளயா விழுந்துருச்சு? கெட்டியாப் பிடிக்காத லோகோவா இருக்கே."

நால்வரும் முற்றத்து மண்ணை முழுக்கச் சல்லடையில் சலித்தார்கள். லோகோ கிடைக்கவில்லை. அடுத்த அப்பளத்துக்கு, விழுகிற லோகோவைப் பிடிக்கத் தவசி கீழே தாம்பாளம் ஏந்தினான். இப்படியே கூடை அப்பளமும் கரியாகிப்போனது. ஒரு மூடனின் முட்டாள்தனம் ஓர் அப்பளத்தோடு நின்றிருக்கும். நான்கு பேர் சேர்ந்து ஆலோசித்ததால்தான் கூடை முழுக்க எரிந்தது.

சோணை தன் போனை எடுத்தான். "லோகோ கீழ விழுந்துருதுங்க" என்று முறையிட்டான்.

"விழுந்தா விழட்டும் பிரதர். லோகோ மட்டுமா பிராண்ட்? பிராண்டுக்குன்னு ஒரு குரல் இருக்கணும். உங்க கம்பெனில யார் பேசினாலும், எங்க பேசினாலும், ஒரே குரல்ல பேசணும்."

அன்றிலிருந்து நால்வரும் ஒரே குரலில் பேசினார்கள். என்ன சொல்வது என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்கிறவரைக்கும் தனித்தனியாகப் பேசலாம். வெளியாளிடம் நான்கு வாயும் ஒன்றாகத் திறக்கும். அப்பளம் இருக்கா என்று கேட்டு வந்த பக்கத்து ஊர் அம்மாள், நால்வரும் ஒதுங்கி நின்று பேசி முடிப்பதற்குள் போய்விட்டார். ஆள் இல்லாத தெருவைப் பார்த்து நான்கு பேரும் "இருக்கு!" என்று ஒன்றாகக் கத்தினார்கள். மாயழகு கொஞ்சம் முந்திவிட்டான் என்று இன்னொரு தடவை கத்தினார்கள்.

வீட்டிலும் பெத்தணன் பிராண்டை விடவில்லை. எத்தனை தோசை வேண்டும் என்று சுருளியம்மா கேட்டபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே ஓடி, கூட்டாளிகளைக் கூட்டிவந்தான். அடுப்படி வாசலில் நான்கு பேரும் வரிசையாக நின்று, "ரெண்டு தோச போதும்" என்றார்கள். அவள் கரண்டியை வீசினாள். அது நால்வரில் ஒருவன் மேல்தான் பட்டது. கத்தியது நான்கு பேர்.

மூன்றாவது போன் தவசியுடையது. அதிலும் நால்வரும் சேர்ந்தே பேசினார்கள்.

"எக்கோ அடிக்குது பிரதர், நான் சொல்றத மட்டும் கேளுங்க. ஒரு பிராண்டுன்னா அது ஒரு வாக்குறுதி. வாடிக்கையாளருக்கு ஒரு வாக்கு குடுங்க. குடுத்தா உயிரே போனாலும் மீறாதீங்க."

என்ன வாக்குக் கொடுப்பது? வாடிக்கையாளர் அப்பளத்தைப் பற்றி என்ன குறை சொல்கிறார்கள் என்று பெத்தணன் ஆழ்ந்து யோசித்தான். உடைந்துபோகிறது என்பதுதான் குறை. "எங்கள் அப்பளம் உடையாது" என்று பாக்கெட்டில் எழுதி ஒட்டினார்கள்.

சிக்கல் மாயழகின் அக்கா மகள் காதுகுத்தில் வந்தது. விருந்துக்கு இவர்கள் அப்பளம். பந்தியில் ஒரு பெரியவர் சாம்பார் சோற்றின் மேல் அப்பளத்தை வைத்து உள்ளங்கையால் நொறுக்கப் போனார். நான்கு பேரும் பந்திக்கு நடுவே பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒடைக்கக் கூடாது!" என்றது பிராண்டின் குரல்.

"அப்பறம் எப்படிப்பா திங்கிறது?"

நால்வரும் ஓரமாகப் போய்க் கலந்து பேசித் திரும்பினார்கள். "அப்படியே முழுசா வாயில வச்சு மெதுவா முழுங்குங்க. பல்லுல பட்டுரக் கூடாது."

பெரியவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். அப்புறம் பந்தியே எழுந்தது. மாயழகின் மாமா வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு கண்மாய் வரைக்கும் துரத்தினார். கண்மாய்த் தண்ணீரில் கழுத்தளவு நின்றபோதும் நால்வருக்கும் பெருமைதான். வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். ஓர் அப்பளம்கூட உடையவில்லை.

மார்கழி முடிகிற நாள் வந்துவிட்டது. சுருளியம்மா பாக்கெட்டுகளைப் பையில் அடுக்கிப் பெத்தணன் கையில் கொடுத்தாள். "இன்னிக்கு எடம் கெடைக்கலேன்னா நாளைக்கு அப்பா வண்டியோட வந்துருவாரு. கெடச்சுச்சான்னு நானே போன் போட்டுக் கேக்குறேன்," என்றாள். அவள் குரலில் இருந்தது கோபமா பரிதாபமா என்று பெத்தணனுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் அவன் தன் இடுப்பைத் தடவிக்கொண்டே வந்தான். பாவமாகத்தான் இருந்தது, இடுப்பைப் பார்க்க.

கடைக்கு வெளியே நின்று தன்னுடைய இலவச ஆலோசனையைப் பெத்தணன் கேட்டான். "கடையில எடம் பிடிக்கணுங்க. எப்படிப் பிடிக்கிறது?"

"கடையில இடம் பிடிச்சு என்ன பிரதர் பிரயோஜனம்?" மித்ரன் உற்சாகமாகிவிட்டான். "இன்னிக்கு வைப்பான், நாளைக்குத் தூக்கிப் போட்டுருவான். மனசுல இடம் பிடிங்க. அதுக்குப் பேரு பொசிஷனிங். மனசுல ஒரு தடவ இடம் பிடிச்சிட்டா வேற ஒருத்தன் அங்க வந்து உக்கார முடியாது."

உள்ளே போனார்கள். இவர்களைப் பார்த்ததுமே அண்ணாச்சி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். நான்கு பேரும் ஒரே குரலில் "வணக்கம் அண்ணாச்சி" என்றதும் கடைப் பையன்கள் ஓடிவந்தார்கள். அண்ணாச்சி ஒரு பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். பிரண்டை இல்லை. ஒன்றைப் பொரித்துவரச் சொன்னார். அது வந்ததும் உடைக்கப் போனார். நால்வரும் ஒரு சேரக் கையை நீட்ட, பயந்துபோய் முழுசாகவே வாயில் திணித்துக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது. சுருளியம்மா கைப்பக்குவம் அப்படி.

"சரிவே, பிராண்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. "சரக்கு நல்லாருக்கு. அந்தா, கண்ணுக்கு நேரா மூணாவது தட்டு காலியா கெடக்கு பாருங்க. எடம் தந்தாச்சு. வச்சிட்டுப் போங்க."

நால்வரும் ஓரமாக ஒதுங்கினார்கள். தீவிரமான ஆலோசனை.

"தட்டுல வைக்கச் சொல்றாரே?"

"ஏமாத்துறாரு. நாளைக்குத் தூக்கிப் போட்டுருவாரு."

"தட்ட வேணாம்னு சொல்லிருவோம். மனசத்தான் கேக்கணும்."

திரும்பி வந்து நான்கு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். "வேணாம் அண்ணாச்சி!"

கீழமாசி வீதியில் இத்தனை வருஷம் கடை வைத்திருந்தும், கொடுத்த இடத்தை வேண்டாம் என்ற ஆளை அண்ணாச்சி பார்த்ததில்லை. அவர் வாயைத் திறந்தபடி நிற்க, நால்வரும் மறுபடி ஒதுங்கினார்கள். மனசு எங்கே இருக்கிறது என்பதில் ஒரு சின்னக் கருத்து வேறுபாடு.

"தலைக்குள்ளதான்," என்றான் தவசி.

"வயித்துல. பசிச்சா எனக்கு மனசே சரியில்லாமப் போகுது," என்றான் சோணை.

பெத்தணன் அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தான். "நெஞ்சுலதாண்டா. சட்டையில பையி வச்சுத் தச்சிருக்காங்க பாரு. எடம் இல்லாமயா பையி வச்சிருப்பாங்க?"

இடம் எப்படிப் பிடிப்பது என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆயுசு முழுக்க டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பிடித்துப் பழகியவர்கள்தானே. பெத்தணன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். குறி பார்த்து அண்ணாச்சியின் நெஞ்சில் போட்டான். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று சோணை தன் இடுப்புக் கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றி, துண்டைச் சட்டையோடு சேர்த்துக் குத்தினான்.

"இது எங்க எடம்!" என்றார்கள் நால்வரும்.

நாக்கு அரித்த அன்றைக்கே இவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை என்று நினைத்தவர் அண்ணாச்சி. கல்லாவை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லை வழியாக ஓடி, ஸ்கூட்டரை உதைத்து, வீட்டைப் பார்த்துப் பறந்தார். நெஞ்சில் பெத்தணனின் துண்டு படபடவென்று அடித்தது.

"எடம் போகுதுடா! வேற எவனாச்சும் உக்காந்துருவான், விடாத!"

நால்வரும் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடினார்கள். வேலை என்றாலே இடுப்பு பிடித்துக்கொள்கிற பெத்தணன் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். காளவாசல் தாண்டும்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. சுருளியம்மா.

"எடம் கெடச்சிருச்சாங்க?"

கலந்து பேச நேரம் இல்லை. ஆனாலும் நான்கு வாயிலிருந்தும் மூச்சு வாங்க ஒரே குரலில் பதில் வந்தது.

"கெடச்சிருச்சு! இப்பத்தான் பைபாஸ்ல போய்க்கிட்டிருக்கு!"