இழுத்தால் இறுகும் பிடி

அந்தக் காலத்தில் உடம்பு என்று ஒன்று கிடையாது. உயிரணுக்கள் கடலில் தனித்தனியே திரிந்தார்கள், பேசினார்கள், சண்டை போட்டார்கள், பசித்தால் ஒருவரையொருவர் விழுங்கவும் செய்தார்கள். விழுங்கப்படும் பயம் தாங்காமல்தான் அவர்களில் சிலர் ஒரு பாறைமேல் அருகருகே ஒட்டி உட்கார்ந்து, பாய் விரித்ததுபோலக் குடித்தனம் நடத்தத் தொடங்கினார்கள். அந்தப் பயம் போனது, அலை இழுத்துப்போகும் பயம் வந்தது.

ஒவ்வொரு உயிரணுவும் ஒரு வீடு, உள்ளே குடியிருக்கும் வேலைக்காரர்கள் புரதங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பிடித்துக்கொள்வது அவர்கள் வேலை. கைநீட்டிகள் வெளிச்சுவரில் நின்று, அடுத்த வீட்டுக் கைநீட்டிகளோடு கைகோத்துக்கொள்வார்கள். வீட்டுக்குள்ளே கயிறுகள் ஓடும், அவற்றை இழுக்கவும் தளர்த்தவும் ஆட்கள் உண்டு. கைநீட்டியையும் கயிற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பவன் மடங்கி. முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு குந்தியே இருப்பான். அவன் நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை. மடிக்குள் புதையல் வைத்திருக்கிறான் என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். அங்கே இருந்ததெல்லாம் ஒரு பள்ளம்தான். பிறவிக் குறை என்று நினைத்து, பாவம், அதை மறைத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அலை வந்து இழுத்தால் உடனே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கிழிந்துவிடும் என்பது அவர்கள் பயம். தளர்த்தியும் நாளுக்கு இரண்டு பேர் போனார்கள். சீக்கிரமே தளர்த்தியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லி, மறுநாள் இன்னும் சீக்கிரமாகத் தளர்த்தினார்கள். அப்போது மூன்று பேர் போனார்கள்.

பாறையின் கடலோர விளிம்பில் முத்திருளாயியும் அவள் மதினி நாச்சம்மையும் பக்கத்துப் பக்கத்து வீடு. முத்திருளாயிக்கு அது நிறைமாதம். உயிரணுவுக்குப் பிரசவம் என்றால் தானே இரண்டாகப் பிரிவது. அதற்காக அவள் உருண்டு திரண்டு, நீட்டியிருந்த கைகளில் பாதியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக் கயிறுகளும் நடு இடுப்பைச் சுற்றிக் கட்டப் போய்விட்டன. அவளைப் பிடித்துவைக்க இருந்தது நாச்சம்மை வீட்டுப் பக்கம் மட்டுந்தான்.

ஆடிக் காற்று எழும்பியது. உச்சிப்பொழுதில் கடல் கறுத்து வந்தது.

"மதினி, இன்னிக்கு வேண்டாமே. காத்து அடங்கட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் நாச்சம்மை.

"என் கையிலயா இருக்கு? இடுப்பு இறுகிருச்சு. நீ என்னைய விட்டுறாத, அது போதும்."

நாச்சம்மை இரண்டு வீட்டுக்கும் நடுவே கோத்திருந்த கைகளை எண்ணினாள். பத்து ஜோடி இருந்தன.

முதல் அலை வந்தது. பாறை விளிம்பில் இருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் போனார்கள். முத்திருளாயி கடல் பக்கமாகச் சாய்ந்தாள். நாச்சம்மை வீட்டுக் கயிறு விறைத்து, நடுவில் இருந்த மடங்கியின் முழங்கால்கள் கொஞ்சம் விலகின.

"தளர்த்துங்க, சீக்கிரம் தளர்த்துங்க" என்று நாச்சம்மை பதறினாள். கயிறு தளர்ந்தது. மடங்கி பழையபடி சுருண்டான். அந்த நொடியிலேயே வெளியே கைநீட்டிகளின் விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கத் தொடங்கின. பத்து ஜோடிக் கைகளில் ஆறுதான் மிஞ்சியது.

"ஆத்தா, தளத்தாதீங்க" என்றான் மடங்கி. அவன் வாய் திறந்ததே அதிசயம். "கயிறு விறைச்சப்பதான் கை இறுகுச்சு. நான் பாத்தேன். நீங்க விட்டதும்தான் வழுக்குது. அடுத்த அலைக்கு இழுத்துப் பிடிங்க."

"இழுத்தா நீ கிழிஞ்சு போவடா."

"போனாப் போறேன்."

"நீ மட்டுமா போவ? அவளும்ல போவா, வயித்துல இருக்கிறதோட."

கிழியாது என்று மடங்கிக்கும் உறுதியாகத் தெரியாது. முத்திருளாயி பேசும் நிலையில் இல்லை. அவள் நடுவில் ஒடுங்கத் தொடங்கிவிட்டாள். இரண்டாம் அலை தூரத்தில் எழுந்து வருவது தெரிந்தது. வழக்கப்படி தளர்த்தினால் யாரும் நாச்சம்மையைக் குறை சொல்லமாட்டார்கள். இழுத்துப் பிடித்து மதினி கிழிந்துபோனால், கொன்றவள் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும். மீதியிருந்த ஆறு ஜோடிக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு ஐந்தாயிற்று.

"இழுங்க" என்றாள் நாச்சம்மை. அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

அலை அந்தப் பக்கம் இழுத்தது, கயிறு இந்தப் பக்கம் இழுத்தது. நடுவில் மடங்கி வலியில் அலறாமல் பல்லைக் கடித்தான். முழங்கால் விலகியது, முதுகு நிமிர்ந்தது, இத்தனை நாள் மறைத்துவைத்த பள்ளம் எல்லார் கண்ணிலும் பட்டது. சிரிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. வீட்டுக்குள் வேலைவெட்டி இல்லாமல் மிதந்துகொண்டிருந்த தாங்கி என்றொருவன் அதைப் பார்த்தான். எங்கே உட்கார்ந்தாலும் பொருந்தாதவன் என்று எல்லாரும் விரட்டிவிட்ட ஆள். ஓடிவந்து அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தான், அளவெடுத்ததுபோல உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் இன்னும் இரண்டு கயிறுகளை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

வெளியே கைநீட்டிகளுக்கும் பிடி மாறியது. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்திருந்தவர்கள், இழுபட இழுபட விரல் மடக்கி ஒருவர் மணிக்கட்டை ஒருவர் கொக்கிபோட்டுக்கொண்டார்கள். இழுக்கிற இழுப்பே அவர்களைப் பூட்டியது.

அலை வடிந்தது. ஐந்து ஜோடிக் கைகளும் அப்படியே இருந்தன. சற்று நேரத்தில் முத்திருளாயி இருந்த இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், ஈரமாக, ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்துக்கொண்டு. கயிறு தளர்ந்ததும் மடங்கி கூச்சத்தோடு மறுபடி குந்திக்கொண்டான். தாங்கியும் எழுந்து போய்விட்டான்.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நாச்சம்மை மட்டும் புதிதாகப் பிரிந்த அந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தபோது அவளோடு பிரிந்தவள் ஒருத்தி இருந்தாள், அவளுடைய சரிபாதி. போன ஆடியில் அலை இழுத்தபோது, கிழிந்துவிடுவாளே என்ற பாசத்தில் நாச்சம்மைதான் கயிற்றைத் தளர்த்தச் சொன்னாள்.

"அப்ப அவளை அலை கொண்டுபோகல. நான்தான் விட்டேன், இல்லையா?" என்று மடங்கியிடம் கேட்டாள்.

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

காற்று அடங்கியதும் நாச்சம்மை தன் வீட்டுப் புரதங்களையெல்லாம் கூப்பிட்டாள். "இழுக்கவா தளத்தவான்னு இனிமே என்கிட்டக் கேக்காதீங்க. யார்கிட்டயும் கேக்காதீங்க. பயந்த மனசுகிட்டக் கேட்டா அது தப்பாத்தான் சொல்லும். இழுப்பு வந்தா நீங்களாப் பிடிச்சுக்கங்க" என்றாள். அந்தப் பேச்சு வீடு வீடாகப் பரவியது. குடியிருப்பு பெருகி, உடம்பாகி, கரையேறியபோதும் கூடவே வந்தது.

அன்று முதல்தான், அமைதியான நேரத்தில் தளர்வாக இருக்கும் உயிரணுக்களின் பிடி, இழுபட்டால் தானாகவே இறுகுகிறது. வழுக்கி விழப்போகும் பிள்ளையின் கையை நாம் வெடுக்கென்று பிடித்து இழுக்கிறோம். அப்போது அந்தச் சின்னத் தோலுக்குள் ஆயிரமாயிரம் பேர், யாரையும் கேட்காமல், ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.