துச்சாதனன் கேட்ட மன்னிப்பு

“எங்க பெரியப்பா ஒண்ணு சொல்வாரு, வாத்தியாரே. அரிதாரம் முகத்தோட நின்னுடும்னு. இல்ல, முகத்தோட நிக்காதுன்னு. எதுன்னு மறந்துபோச்சு.”

“உங்களுக்கு எது வசதியோ அதைத்தான் சொல்லியிருப்பாரு. என்ன விஷயம்ணே?”

கூத்து வாத்தியார் ஏழுமலை தேவராசனைவிட வயதில் இளையவர். அதனால் அவருக்கு அவன் அண்ணன். ஆட்டம் கற்றது அவரிடம்தான். அதனால் அவனுக்கு அவர் வாத்தியார்.

“இந்தத் திருவிழாவுக்குத் துச்சாதனன் வேஷம் எனக்கு வேணாம்.”

“பாஞ்சாலி சேலையை இழுக்க உங்களை விட்டா நம்ம கூத்து ஜமாவுல வேற யாரு இருக்கா?”

“இழுத்து இழுத்துத்தான் இப்படி ஆயிட்டேன். பரிமளா பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஆரணிக்குப் போயிட்டா, அவ அம்மா வீட்டுக்கு. வேஷத்தை விட்டாத்தான் வருவா.”

“அண்ணி அப்படிச் சொன்னாங்களா?”

“சொல்லலை. நானா நினைச்சேன்.”

“என்ன பண்ணீங்க?”

“சோத்துத் தட்டை வீசினேன். பொண்ணு மேல படலை. பக்கத்துச் சுவத்துல பட்டுச்சு.”

வாத்தியாரின் மடியிலிருந்த சலங்கையில் வார் ஒன்று தளர்ந்திருந்தது. அதை இறுக்கினார்.

“வேலூர்ல மனநல ஆலோசகர் ஒருத்தங்களைப் பார்த்தேன். எங்கப்பா சின்ன வயசுல அடிச்ச அடி உள்ளயே கிடக்குதாம். அதுதான் கோவமா வருதாம்.”

“சரியாத்தான் சொல்லியிருக்காங்க.”

“பூசாரி வேற சொல்றாரு. அம்மன் என்னைச் சோதிக்கிறாளாம்.”

“இருக்கும்.”

“எனக்கு என்னவோ, வேஷம்தான் ஒட்டிக்கிச்சுன்னு தோணுது.”

“ஒட்டும். ஒட்டாம ஆடினா அது ஆட்டமா?”

“மூணும் சரின்னா எப்படி வாத்தியாரே?”

“மூணையும் போட்டுப் பிசைஞ்ச மாவுதான் நீங்க. நானும் அதே மாவுதான். தட்டை வீசினது மூணுல எது?”

தேவராசனுக்குச் சுருக்கென்றது.

“நான் ஒண்ணும் பயபக்தி இல்லாதவன் இல்லை. சேலையில கை வைக்கறதுக்கு முன்னாடி அம்மன்கிட்ட மன்னிப்பு கேக்காம ஒரு நாளும் ஆடினதில்லை.”

அது உண்மை. திருவிழா நடக்கும் கோயிலின் அம்மனே பாஞ்சாலிதான். பாஞ்சாலியின் சேலையைத் தொடும் முன் துச்சாதனன் ஆட்டத்தை நிறுத்துவான். மத்தளம் அடங்கும். கற்பூரம் ஏற்றி, இது வேஷம், பொறுத்துக்கோ தாயே என்று கும்பிடுவான். கூட்டமும் எழுந்து கும்பிடும். பிறகு இழுப்பான்.

“அம்மன் பொறுத்துக்கிட்டாளா?”

“பொறுத்துக்காம என்ன?”

“உங்ககிட்ட வந்து சொன்னாளா?”

“அவ எங்க வந்து சொல்றது? கேட்டாச்சு. அடுத்து ஆட்டம்.”

“வீட்டுல கேட்டீங்களா?”

“கேட்டேனே. அன்னிக்கே கேட்டேன். மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டு, வேற தட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன்.”

“அண்ணி?”

“தட்டு கொண்டாந்து வச்சா. அப்புறம் பையில துணி எடுத்து வச்சா.”

வாத்தியார் எழுந்தார். வேஷப் பெட்டியைத் திறந்து பாஞ்சாலியின் சிவப்புச் சேலையை எடுத்து அவன் தோளில் போட்டார்.

“சுவரோரம் நில்லுங்க.”

“எனக்கு எதுக்கு பொம்பளை வேஷம்? மீசையோட பாஞ்சாலியா?”

“மீசை இருந்துட்டுப் போகுது. நில்லுங்க.”

சலங்கையைக் காலில் கட்டிக்கொண்டார். கூத்துக் கொட்டகையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பினார்.

திரும்பியது ஏழுமலை இல்லை.

ஒரு அடி. சலங்கை தரையில் அறைந்தது. இன்னொரு அடி.

நின்றார். கைகூப்பினார்.

“இது வேஷம். பொறுத்துக்கோ தாயே.”

குரல் தழுதழுத்தது. கண்கூடக் கலங்கியிருந்தது.

கையை இறக்கிய வேகத்தில் அடுத்த அடி வந்தது. அதற்கடுத்ததும்.

தேவராசனின் கால் தானாகப் பின்னால் போயிற்று. முதுகு சுவரில் இடித்தது. சேலைத் தலைப்பைத் தன் கை இறுகப் பிடித்திருப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

வாத்தியார் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். தொடவில்லை.

“ஏண்ணே பின்னாடி போறீங்க? மன்னிப்புதான் கேட்டுட்டேனே.”

“கேட்டீங்க,” என்றான் தேவராசன். மூச்சு வாங்கியது. “ஆனா வர்றதை நிறுத்தலையே.”

வாத்தியார் உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்தார்.

தேவராசன் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தான். வேஷத்தைப் பற்றிப் பேசவில்லை.

மதிய பஸ்ஸில் ஆரணிக்குக் கிளம்பினான். பரிமளா கூப்பிடும்வரை அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தான்.