ஏரிக்கரையும் கரடி ராஜாவின் குளியல் தொட்டியும்

ஒரு காட்டில் வச்சிரகாயன் என்ற கரடி ராஜாவாக இருந்தது. விலங்குகள் எல்லாம் தங்கள் பழத்திலும் கிழங்கிலும் ஒரு பங்கை அதற்கு வரியாகக் கொடுத்தன. பதிலுக்கு, ராஜாவின் யானைகள் ஏரிக்கரையைப் பழுது பார்த்துக் காக்க வேண்டும். கரைக்குக் கீழேதான் முயல்களின் வளைகள் இருந்தன.

ஒரு மழைக்காலத்தில் கரையில் நீர் கசிந்தது. யானைகளைக் காணோம். நீர்நாய் தன் கூட்டத்தையும் முயல்களையும் கூட்டிக்கொண்டு வந்து, சேற்றையும் புல்லையும் திணித்துக் கசிவை அடைத்தது. முள்ளம்பன்றியும் கூடவே சேறு சுமந்தது.

மறுநாள் கரடி வந்து நீர்நாயின் கழுத்தில் மாலை போட்டது.

"இதுவல்லவா பொதுத்தொண்டு! இனி இந்தக் கரை உங்கள் பொறுப்பு" என்றது.

யானைகள் அப்போது மலையடிவாரத்தில் ராஜாவுக்குக் குளியல் தொட்டி கட்டிக்கொண்டிருந்தன.

நீர்நாய்க்குப் பெருமை தாங்கவில்லை. மாலை வாடி நாறிய பிறகும் அதைக் கழற்ற மனம் வரவில்லை.

"வரி வாங்குவது ராஜா. கரை காப்பது நாம் மட்டுமா? யானைகள் எங்கே என்று போய்க் கேட்போம்" என்றது முள்ளம்பன்றி.

"தொண்டு செய்கிற இடத்தில் அரசியல் பேசாதே" என்று நீர்நாய் சீறியது.

அடுத்த மழையில் கரையின் அடிப்பாறையே பெயர்ந்துவிட்டது. நீர்நாய்கள் சேற்றை அள்ளி அள்ளிப் போட்டன. போட்டதையெல்லாம் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. கரை உடைந்தது. வளைக்குள் இருந்த முயல்குட்டிகள் பல மூழ்கிச் செத்தன.

கரடி தொட்டியிலிருந்து எழுந்து, ரோமத்தில் ஈரம் சொட்டச் சொட்ட வந்தது.

"தொண்டர்கள் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டார்கள்" என்று வருத்தம் தெரிவித்தது.

குட்டிகளை இழந்த தாய் முயல் நீர்நாயைப் பார்த்தது. நீர்நாய் தலைகுனிந்து நின்றது. பிறகு கரடியிடம், "பாறை தூக்கும் யானைகள் உங்களிடம் இருந்தன, ராஜா. எங்களிடம் இருந்தது வெறும் சேறுதான்" என்றது.

"என்னையே கேள்வி கேட்கிறாயா?"

"போன மழையிலேயே கேட்டிருக்க வேண்டும்."

விலங்குகள் எல்லாம் போய்க் குளியல் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. யானைகள் கரைக்குத் திரும்பும்வரை நகர மாட்டோம் என்றன. முயல்குட்டிகள் செத்ததற்கு இரங்காத ராஜா, குளிக்க முடியாமல் உடம்பு அரித்ததும் இறங்கி வந்தது. யானைகள் பாறைகளை அடுக்கின. யானைகளின் தும்பிக்கை எட்டாத இடுக்குகளில் நீர்நாய்கள் சேறு பூசின.

தொண்டு செய்யத் தெரிந்தவர்களுக்கு அரசைக் கேள்வி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுடைய நல்ல மனசே பொறுப்பற்ற அரசுக்குச் சாக்காகிவிடும்.