சந்தனக் கன்றும் துவரைச் செடியும்

கேளுங்கள், கேளுங்கள்! உங்கள் தாத்தாவின் தாத்தாவுக்கும் பல் முளைக்காத காலத்தில் மணமலை என்றொரு நாடு இருந்தது. அதை வாகைமாறன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் அவனைப் போல ஒரு செலவாளியை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை.

அந்த நாட்டில் மூன்று மலைகள். மூன்றிலும் நிறையச் சந்தன மரங்கள். மரத்தை வெட்டிக் கப்பலில் ஏற்றினால் அரிசி வரும், பருப்பு வரும், பட்டு வரும். பிறகு யார் சேற்றில் இறங்குவார்கள்? ஏரைப் பரணில் போட்டார்கள். மாடுகள் நுகத்தடியை மறந்துபோயின.

முதல் மலையை வெட்டி ராஜாவுக்கு வெந்நீர் போட்டார்கள். இரண்டாம் மலையை வெட்டி ஊருக்கெல்லாம் ஊஞ்சல் செய்தார்கள். மூன்றாம் மலையில் பாதியை வெட்டி, பட்டத்து யானை முதுகு சொறிந்துகொள்ள ஒரு மண்டபம் கட்டினார்கள். யானை அந்தப் பக்கமே போகவில்லை. அதற்குக் குளக்கரைப் புளியமரம்தான் பிடித்திருந்தது.

ஒருநாள் ராஜா மலைகளை நிமிர்ந்து பார்த்தான். இரண்டரை மலை மொட்டையாகக் கிடந்தது. மிச்ச மரமும் தீர்ந்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் சோறு ஏது?

"உடனே சந்தனக் கன்று நடுங்கள்!" என்றான்.

மந்திரி ஒரு கன்று நட்டுப் பாலூற்றினார். செத்தது. வைத்தியர் நட்டுக் கஸ்தூரி கரைத்து ஊற்றினார். செத்தது. தளபதி நட்டு, சுற்றிலும் ஈட்டிக்காரர்களைக் காவல் வைத்தார். அதுவும் செத்தது. மூவரும் ஒன்றை மட்டும் மறக்காமல் செய்தார்கள். சந்தனத்தின் பக்கத்தில் கண்ட செடியும் நிற்பது மரியாதைக் குறைவு என்று, சுற்றிலும் ஒரு புல் விடாமல் பிடுங்கி எறிந்தார்கள். அந்த நாட்டு வழக்கம் அப்படி.

மலையடிவாரத்தில் மருதாயி என்றொருத்தி இருந்தாள். அந்த நாட்டில் இன்னும் உழுது விதைத்த ஒரே ஆள் அவள்தான். இருந்த துண்டு நிலத்தில் துவரை போட்டுப் பிழைத்து வந்தாள். மந்திரி அவளைக் கூப்பிட்டு, "இனி இங்கே சந்தனம் மட்டும்தான். நிலத்தை விட்டுப் போ" என்றார்.

அவள் நேரே ராஜாவிடம் போனாள்.

"மகாராஜா, என் நிலத்துலயே ஒரு கன்னு வளத்துக் காட்டுறேன். தை பிறக்குறதுக்குள்ள அது செத்துட்டா நிலத்தை எடுத்துக்குங்க. பிழைச்சா என்னை விட்டுருங்க."

சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

தை பிறந்தது. ராஜா யானை மேல் வந்து இறங்கினான். காய்த்துக் குலுங்கிய துவரைக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சந்தனக் கன்று பளபளவென்று நின்றது!

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "முதலில் இந்தத் துவரையைப் பிடுங்க வேண்டும்" என்று ஒரு செடியில் கை வைத்தார்.

"ஐயோ சாமி, வேணாம்! அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இது உயிரோட இருக்கு!" என்று மருதாயி ஓடி வந்தாள். உட்கார்ந்து மண்ணைக் கையால் விலக்கினாள். நடக்கப் பழகும் குழந்தை அம்மாவின் விரலைப் பிடிப்பதுபோல, சந்தனத்தின் வேர் துவரையின் வேரைப் பற்றிக்கொண்டிருந்தது.

ராஜா பட்டுவேட்டியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"இதை எப்போது வெட்டலாம்?" என்று கேட்டான்.

"முப்பது வருஷம் ஆகும், மகாராஜா."

"முப்பதா! அதுவரை நாங்கள் என்ன சாப்பிடுவது?"

"அதுக்குத்தானே துவரை இருக்கு?"

ராஜா காய்த்து நின்ற துவரையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், தலைப்பாகை கழன்று விழும்வரை சிரித்தான்! அன்று மருதாயி கடைந்த பருப்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். நிலம் அவளுக்கே நிலைத்தது.

மறுநாள் முதல் அரண்மனையில் பச்சைத் தண்ணீர்க் குளியல். பரணில் கிடந்த ஏர்கள் கீழே இறங்கின. மாடுகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் உழுதன. மூன்று மலைகளிலும் சந்தனத்துக்குத் துணையாகத் துவரை பூத்தது. யானை எட்டிப் பார்க்காத மண்டபம் களஞ்சியமாகி, அடுத்த தையில் துவரையால் நிரம்பி வழிந்தது. ஊரே கும்மி கொட்டியது. யானையும் புளியமரத்தில் முதுகைத் தேய்த்தபடி சந்தோஷமாகப் பிளிறியது.

ஆகையால் பிள்ளைகளே, பெரியவர்களே, மலையளவு செல்வம் கிடைத்தாலும் அதை அளவோடு செலவழித்து, உழைப்பையும் கைவிடாத நாடுதான் நிலைத்து வாழும்.