மீசையில் ஒட்டிய பலாப்பால்

செக்காட்டும் குருவம்மாவிடம் மிராசுதார் சொன்னார்: "என் கிணத்துத் தண்ணியில கரையாதது கிடையாது. உன் எண்ணெயில இந்த உப்பைக் கரைச்சுக் காட்டு. முடியலைன்னா நாளைக்கே செக்கோட ஊரைக் காலி பண்ணு."

"உப்பு எண்ணெயில கரையாதுங்க எசமான், போயிடுறேன்" என்றவள், மரியாதைக்கு ஒரு பலாப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

சுளைக்கொரு தரம் மீசையை முறுக்கினார் மிராசுதார். மீசை பலாப்பாலில் ஒட்டிக் கயிறாகிவிட்டது. இருபது குடம் கிணற்றுத் தண்ணீருக்கும் அது அசையவில்லை.

விடிந்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். "இன்னிக்குக் கோயில்ல எனக்குப் பரிவட்டம், குருவம்மா. ஏதாவது செய்."

"நாலு சொட்டு எண்ணெயில கரைஞ்சிடுங்க. ஆனா ஊரைக் காலி பண்ண, எண்ணெய்க் குடத்தை முதல்ல வண்டியில ஏத்திட்டேன். முன்னால அடைச்சுக்கிட்டுச் செக்கு நிக்குது. அதை இறக்கினாத்தான் எடுக்கலாம்."

தெருவே பார்க்க, முகத்துத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மிராசுதார் செக்குக்குத் தோள்கொடுத்தார்.