சண்முகவடிவுச் சங்கு

குற்றாலிங்கம் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தோரு வயதில் நிலவியல் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். அவருடைய ஆசிரியை பியூலாவுக்கு முப்பத்தெட்டு வயது.

ஒருநாள் கல்லாகிப்போன கடல் நத்தை ஓடு ஒன்றை அவள் மேஜையில் வைத்தார். இமயமலைப் பாறையிலிருந்து வந்தது. பெர்மியன் காலத்தது, இருபத்தைந்து கோடி ஆண்டுக்கும் மூத்தது.

"எந்தப் பட்டியலிலும் இல்ல மேடம். புது இனம். சண்முகவடிவுன்னு வீட்டுக்காரி பேரை வைக்கப்போறேன். அவகிட்டயும் சொல்லிட்டேன். சொந்தக்காரங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருச்சு."

"புதுசுன்னு எப்படித் தெரியும் சார்?"

"பார்த்தாலே தெரியுதே."

பியூலா அதை வாங்கி, தட்டில் கிடந்த நாற்பது ஓடுகளோடு கலந்தாள்.

"அடையாளம் எழுதிக் கொடுங்க. அதை வச்சு நான் எடுக்கிறேன்."

'கோபுரம் போல் உயர்ந்த, நுட்பமான வரிகள் உள்ள அழகிய ஓடு' என்று எழுதினார்.

அவள் ஒன்றை எடுத்தாள்.

"அது இல்ல மேடம்."

"இதுவும் கோபுரம்தான். அழகாவும் இருக்கு."

மறுநாள் அளந்து எழுதி வந்தார். உயரம், அகலம், சுருள்களின் எண்ணிக்கை, வட்டமான வாய்.

பியூலா தட்டு முழுக்கத் தேடினாள். "வட்ட வாய் எதுக்குமே இல்லையே சார்."

அவர் எட்டிப் பார்த்தார். அவருடைய ஓட்டின் வாய் உடைந்திருந்தது.

"வட்டமாத்தான் இருந்திருக்கும்னு நினைச்சேன்," என்றார் மெல்ல.

மூன்றாம் நாள் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் ஐந்து வரி கொடுத்தார்: 'ஆறு சுருள். ஒவ்வொன்றிலும் இரண்டு முகடு. மேல் முகட்டில் மட்டும் மணிமணியாக முடிச்சு. உச்சி இல்லை. வாய் உடைந்தது.'

பியூலா படித்த மறு நொடியே ஓட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து பழைய ஜெர்மன் புத்தகம் ஒன்றை இறக்கி, ஒரு பக்கத்தைத் தமிழில் சொன்னாள்.

ஆறு சுருள். இரண்டு முகடு. மேல் முகட்டில் மட்டும் முடிச்சு.

"நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் எழுதினது சார். பேரும் வச்சிட்டார்."

குற்றாலிங்கம் ஓட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் சண்முகவடிவு. "இருபத்தஞ்சு கோடி வயசான கிழவிக்கு என் பேரா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டுக் கேட்டார்:

"உங்களுக்கு முதல் நாளே தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"அப்ப இந்த மூணு நாள்ல புதுசா ஒண்ணுமே கிடைக்கலையா?"

"கிடைச்சுதே சார். போன வாரம் வரைக்கும் இதை அடையாளம் சொல்ல இந்தக் கட்டடத்துல நான் ஒருத்திதான் இருந்தேன்."