போடாத துண்டு

கஜேந்திரன் ஜெயித்த சண்டைகளைச் சொல்லப்போனால் பொழுது போதாது. தோற்றவை இரண்டே இரண்டுதான். ஆனால் ஆளை உள்ளுக்குள் அரித்தது அந்த இரண்டும்தான்.

சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனான். முதல் தோல்வியில் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. நடுவர் குறுக்கே கை நீட்டிச் சண்டையை நிறுத்திவிட்டார். இரண்டாவதில், அவனை ஆளாக்கிய ஆரோக்கியம் மாஸ்டரே மேடை மூலையிலிருந்து துண்டை வீசினார். துண்டு உள்ளே விழுந்தால், எங்கள் ஆள் தோற்றான், இனி அடிக்காதே என்று அர்த்தம். கஜேந்திரன் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தான். அன்றோடு மாஸ்டர் முகத்தில் விழிப்பதை விட்டான்.

"என்னை எவன் தோக்கடிச்சான்? ஒர்த்தன் கைய நீட்னான், ஒர்த்தன் துண்டப் போட்டான். நான் கீய வியுந்தனா?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்பான். சனங்களுக்கு இது போதாதா? அவன் தெருவில் நடந்தால், டீக்கடையில் நிற்கும் எவனாவது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவான். மலை போன்ற ஆள், அதற்குக் கூசிப்போவான்.

இதற்கிடையில் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர், தலையில் இனி ஒரு பலமான அடி விழுந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவன் காதில் வாங்கவில்லை. அடுத்த சண்டைக்கு ஒப்புக்கொண்டு, மாஸ்டர் நின்ற மூலையில் நிற்கத் தன் மச்சான் தணிகாசலத்தை அழைத்தான். தணிகாசலம் அவன் மனைவி அஞ்சலையின் தம்பி. மாமாவை அவன் தெய்வமாக நினைத்தவன்.

அழைத்ததோடு விடவில்லை. தன் சின்ன மகளை இழுத்து முன்னால் நிறுத்தினான்.

"இவ தலைல அடிச்சி சத்தியம் பண்ணு மச்சான். நான் செத்தாலும் நீ துண்டப் போடக்கூடாது."

குழந்தை ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டிருந்தது. தணிகாசலம் அதன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். உள்ளே நின்று கேட்ட அஞ்சலை, சண்டை நாளன்று ஒரு வெள்ளைத் துண்டைத் துவைத்து, மடித்து, தம்பி கையில் கொடுத்தாள்.

"எனக்கு அவரு உசுரோட வோணும்டா" என்றாள்.

எதிராளி சம்சுதீன், இளைஞன், நல்ல உயரம். முதலில் கஜேந்திரன் கைதான் ஓங்கியிருந்தது. ஐந்தாம் சுற்றின் கடைசியில் நெற்றிப்பொட்டில் ஒரு குத்து விழுந்தது. மணி அடித்ததும் தானாகவே நடந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தான். தணிகாசலம் குனிந்து தண்ணீர் நீட்டினான். கஜேந்திரன் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"துண்டு எங்க மாஸ்டர்?"

கஜேந்திரன் அவனை ஒருநாளும் மாஸ்டர் என்று அழைத்ததில்லை. வியர்வை துடைக்கத்தான் கேட்கிறார் என்று தணிகாசலம் மனதைத் தேற்றிக்கொண்டு, துண்டால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டான். மறுபடி மணி அடித்தது.

ஆறாம் சுற்றில் கஜேந்திரன் நின்றான், கையை உயர்த்தினான், குத்தவும் செய்தான். எல்லாம் பழக்கத்தில் நடந்தது. நடுவர் ஒருமுறை நிறுத்தி, "சண்டை போட முடியுமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினான். ரத்தம் வராமல் நிற்கிறவனை, கை ஓங்குகிறவனை, முடியும் என்று தலையாட்டுகிறவனை வெளியேற்ற விதி இல்லை என்று நடுவர் ஒதுங்கிக்கொண்டார்.

சம்சுதீன்தான் கிட்டத்தில் அவன் கண்ணைப் பார்த்தான். அடியை நிறுத்திவிட்டு மூலையைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, துண்டப் போடுண்ணே! ஆளு இங்க இல்லண்ணே!"

தணிகாசலம் துண்டைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினான். அவன் கண் முன்னால் குழந்தையின் தலைதான் நின்றது. கை எழவில்லை.

சம்சுதீன் கைகளைத் தொங்கவிட்டான். "நான் அடிக்க மாட்டேன்" என்று முதுகைக் காட்டிக் கயிற்றைத் தாண்டி இறங்கிப் போய்விட்டான். கூட்டம் அவனைப் பேடி என்று ஏசியது. விதிப்படி நடுவர் கஜேந்திரனின் கையைத் தூக்கி, வென்றவன் இவனே என்று அறிவித்தார். தூக்கிய கையை அவர் விட்டதும் கஜேந்திரன் அப்படியே சரிந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

துக்க வீட்டுக்கு மூவரும் வந்தார்கள். "விதியை மீறவில்லை" என்றார் நடுவர். "என்னால முடிஞ்சது அவ்ளோதான் அக்கா" என்று அழுதான் சம்சுதீன். "சத்தியத்தக் காப்பாத்துனேன்" என்றான் தணிகாசலம். அஞ்சலை மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விதியைக் காத்தவர், சத்தியத்தைக் காத்தவன், வெற்றியை விட்டுக் கொடுத்தவன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சம்சுதீன் செய்ததே சரி. நடுவர் காலையும் கையையும் பார்த்தார்; அவன் ஆளைப் பார்த்தான். ஆனால் காப்பாற்றியிருக்கக்கூடியவன் தணிகாசலம்தான், ஏனென்றால் 'துண்டு எங்க மாஸ்டர்?' என்ற கேள்வி அவன் காதில் மட்டுமே விழுந்தது. சத்தியம் வாங்கியவன் மச்சானிடம் வாங்கினான். முக்காலியில் உட்கார்ந்தவனோ, அடிபட்ட மயக்கத்தில் மச்சானை மாஸ்டர் என்று நினைத்து, அவரிடம் துண்டு கேட்டான். மாஸ்டரிடம் அவன் எந்தச் சத்தியமும் வாங்கியதில்லை. சத்தியம் அங்கேயே முடிந்துபோனது. அது தணிகாசலத்துக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பயந்துவிட்டான். அந்தக் குழந்தை நன்றாக வளர்ந்துவிட்டாள். தணிகாசலம் அக்கா வீட்டுக்குப் போனால் மாமா என்று ஓடி வருவாள். அந்தச் சத்தியத்துக்குப் பிறகு அவள் தலையில் அவன் இன்றுவரை கை வைத்ததில்லை.